பாத்ரூம் லைட்: கேளுங்கள், வயர்மேன் சொல்கிறேன்

5க்கு 8 அடி பாத்ரூம். எத்தனை வாட் பல்பு போடலாம் அண்ணா?
வாட்டை விடுங்கள், பெட்டியில் லூமன், அதாவது வெளிச்சத்தின் அளவு, எவ்வளவு என்று பாருங்கள். இந்த அளவுக்கு 900 லூமன், அதாவது 9 வாட் எல்இடி, தாராளம். ஆனால் கண்ணாடிக்குத் தனி லைட் வேண்டும். உச்சியில் மட்டும் இருந்தால் கண்ணுக்கடியிலும் தாடைக்கடியிலும் நிழல் விழும், ஷேவ் பண்ணும்போது தடவித்தான் பார்க்கணும். கண்ணாடியின் இரு பக்கமும் கண் மட்டத்தில் வையுங்கள். இடமில்லை என்றால் மேலே அகலமாக ஒன்று. அப்புறம், மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) இருக்கிறதா?

ஷவருக்கு நேர் மேலே போடலாமா?
லைட்டில் ஐபி 65 (தூசி, தண்ணீர் தாங்கும் அளவு) என்று போட்டிருந்தால் போடலாம். கடைசி 5, தண்ணீர் பீய்ச்சியடித்தாலும் தாங்கும் என்பதற்கு. ஆர்சிசிபி?

மஞ்சளா, வெள்ளையா?
நடுவில், 4000 கெல்வின். வெளிச்சத்தின் நிறத்துக்கான எண் அது; குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை.

தப்பு அண்ணா. 6500 போட்டால்தான் டைல்ஸில் அழுக்கு தெரியும்.
அழுக்கைக் காட்டுவது வெளிச்சத்தின் அளவு தம்பி, நிறமில்லை. 6500இல் மஞ்சள் பூசிக் குளித்த முகம்கூட வெளிறித் தெரியும். சிஆர்ஐ, அதாவது நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு, 90 இருக்கிறதா பாருங்கள், தோலின் நிறம் சரியாகத் தெரியும்.

எங்கள் அம்மாவுக்கு மஞ்சள் வெளிச்சம் என்றாலே லோ வோல்டேஜ் ஞாபகம்!
அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, நானும் அந்தக் காலத்து ஆள்தான். அதற்காக ராத்திரி 2 மணிக்குக் கண் கூசணுமா?

6500 ஆட்களை வம்புக்கு இழுக்கிறீர்களே?
உங்கள் வீடு, உங்கள் கண். நிறத்தை இத்தோடு விடுங்கள்.

மூடிய கிண்ண லைட்டில் பல்பு அடிக்கடி போகிறது.
சூடு வெளியேற வழியில்லை, உள்ளே டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் பாகம்) வெந்துவிடும். மூடிய ஃபிட்டிங்குக்கு ஏற்றது என்று போட்ட பல்பாக வாங்குங்கள்.

12 வாட் போதுமா?
முதல் பதில்.

கீசர் சூடாகவில்லை...
கீசர் மெக்கானிக்.

6க்கு 8 அடிக்கு எத்தனை வாட்?
முதல் பதில்!

எம்சிபி இருக்கிறதே, ஆர்சிசிபி எதற்கு?
எம்சிபி, லோடு கூடினால் விழுந்து வயரைக் காப்பாற்றும். ஈரக்கையோடு ஷாக் அடித்தால் உங்களைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், டக்கென்று விழணும்.

அழுத்தினேன் அண்ணா. விழவில்லை.
இன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றுங்கள். லைட் அப்புறம்.