காமாலை என்று எழுதிய லீவ் லெட்டர்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன். ஜூலையிலிருந்து நாலு மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. பகலெல்லாம் படுக்கை, ராத்திரி முழுக்க விழிப்பு. வகுப்பில் முதல் ஐந்து ரேங்கில் வந்த பையன். இப்போது குளிப்பதற்கே நான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. “என்னால ஒண்ணும் முடியலம்மா” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம், மந்திரித்துக் கயிறு கட்டினோம். மதுரையில் சொந்தக்காரர்கள் அதிகம் என்பதால் கோவைக்குக் கூட்டிப்போய் ஒரு மனநல டாக்டரிடம் காட்டினோம். மன அழுத்தம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். பத்து நாளாகியும் மாற்றம் இல்லை, தூங்கி வழிந்தான், நிறுத்திவிட்டோம். மறுபடி கோவை போக முடியவில்லை. இவருக்குக் கடைத்தெருவில் மளிகைக் கடை, நாலு பேர் வந்துபோகிற இடம். பள்ளிக்கு மஞ்சள் காமாலை என்று லீவ் லெட்டர் எழுதி, அங்கேயே ஏழாவது படிக்கும் மகளிடம் கொடுத்தனுப்பினோம். அதனால் ஸ்கூலில் பிரச்சினை இல்லை. வெளியில் தெரியாமல் இவனைக் கொஞ்ச நாள் தங்கவைத்துச் சரிசெய்து அனுப்புகிற நல்ல இடம் எது? செலவைப் பற்றிக் கவலை இல்லை.
– பெயர் வேண்டாம், போடிநாயக்கனூர்

பதில்: “அதனால் ஸ்கூலில் பிரச்சினை இல்லை” என்ற வரியிலேயே நின்றுவிட்டேன். மீதியை அப்புறம்தான் படித்தேன்.

யாருக்கும்மா பிரச்சினை இல்லை? ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு 12 வயது இருக்குமா? லெட்டரை வாங்கிய டீச்சர் ஒரு வாரம் கழித்து, “அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு, கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தீங்களா?” என்று கேட்டிருப்பார். அவள் தலையாட்டியிருப்பாள். காமாலை நாலு மாதமா இருக்கும் என்று வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை கேட்டிருக்கும். அதற்கும் ஒரு பதிலை அவளேதான் தயார் செய்திருக்க வேண்டும். உங்களிடம் வந்து சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டாள். பெரியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பொய்யை எழுதினீர்கள். அதைப் பள்ளிக்கூட வாசலில் நின்று தினமும் காப்பாற்றுகிற வேலையை வீட்டிலேயே சின்னவளிடம் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் அவளைப் பற்றி இருப்பது இந்த ஒரே ஒரு வரி.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. நோயின் பெயர்தான் மாறும். டைபாய்டு என்பார்கள், குடல்வால் ஆபரேஷன் என்பார்கள், பாட்டிக்குத் துணையாக ஊருக்குப் போயிருக்கிறான் என்பார்கள். எங்கள் பெரியம்மா வீட்டில் ஓர் அண்ணன் இருந்தார். காலேஜில் முதல் வருஷம் படிக்கும்போது முடியாமல் போய்விட்டது. என்ன முடியவில்லை என்று சின்னவர்களான எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஊருக்கு ‘பம்பாயில் வேலை’ என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகு பம்பாயில் இருக்கிறவர் திண்ணையில் வந்து உட்கார முடியுமா? பின்கட்டு அறையிலேயே இருந்தார். வீட்டுக்கு ஆள் வந்தால் கதவைச் சாத்துவார்கள். ஒரு பொங்கலுக்கு நான் கரும்பு கொண்டுபோனபோது ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டார். பம்பாய் என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு இருபது வருஷம்.

உங்கள் வீட்டுக் காமாலையும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. காமாலைக்காரன் சைக்கிள் எடுத்துக்கொண்டு தெருவில் போக முடியாது. நண்பன் வந்தால் முகம் காட்ட முடியாது. பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரின் அறை வாசலில் உட்கார முடியாது, கடைக்கு வருகிறவர்கள் பார்த்துவிடுவார்கள். மதுரையில் சொந்தக்காரர்கள். ஆகவே கோவை. போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம், வாய் திறக்காத பையனோடு. எத்தனை தடவை முடியும் உங்களால்? ஒரு தடவை முடிந்ததே பெரிது.

மாத்திரையைப் பத்து நாளில் நிறுத்தினீர்களே, மன அழுத்தத்துக்குக் கொடுக்கிற மாத்திரைகள் பொதுவாக வேலை காட்டவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடும். தூக்கக் கலக்கம் போன்ற தொல்லைகள்தான் முதலில் வரும். அதைக் கேட்டு அளவை மாற்றவோ மருந்தை மாற்றவோ ஒரு டாக்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதிலும் சின்ன வயசுப் பிள்ளைகளுக்கு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்கள் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். ஐந்து மணி நேரத் தூரத்தில் டாக்டரை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் செய்வீர்கள்?

சரி, உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று 1996-ல் நாட்டில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் எல்லா மாவட்டங்களிலும் உண்டு. ஒரு மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் வட்ட அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் வருவார்கள். உங்கள் பக்கம் எந்தக் கிழமை என்று ஓ.பி. சீட்டு கொடுக்கிற இடத்தில் கேட்டால் சொல்வார்கள். அந்த நாள்வரை பொறுக்க முடியாது என்றால் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அங்கே மனநலத்துக்கென்று தனித் துறையே இருக்கிறது. மாத்திரைக்குக் காசு கிடையாது. டவுன் பஸ்ஸில் போனால் உங்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், டாக்டர் கோவைக்காரர் மாதிரி அரைமணி நேரம் பேசமாட்டார். ஆனால் அடுத்த மாதமும் போகலாம், அதற்கடுத்த மாதமும் போகலாம். இந்த நோய்க்கு அதுதான் வைத்தியம்.

பையன் அறையை விட்டு வரமாட்டேன் என்கிறானா? முதலில் நீங்கள் 14416-க்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிற இலவச மனநல உதவி எண். இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அவன்தான் பேச வேண்டும் என்பதில்லை. எப்படிக் கிளப்பிக் கூட்டி வருவது, யாரிடம் காட்டுவது என்று கேளுங்கள். அந்த எண்ணை அவன் கையிலும் எழுதிக் கொடுங்கள். ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறவன் அவன்தானே.

யாராவது பார்த்துவிட்டால்? பார்ப்பார்கள். அப்படி எதுவும் நடக்காது என்று நான் சொல்லப்போவதில்லை. டாக்டர் வெளியில் சொல்லக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது, அவர் சொல்லமாட்டார். பக்கத்து பெஞ்சில் இருக்கிறவர் சொல்லுவார். ஆனால் அவரும் தன் வீட்டுப் பிள்ளையைத்தானே கூட்டி வந்திருக்கிறார்! 2015-16-ல் நாட்டளவில் எடுத்த மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. உங்கள் மகன் படிக்கிற பள்ளித் தலைமையாசிரியர் இப்படி எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருப்பாரோ, ஒவ்வொருவரும் காமாலை என்று எழுதிக் கொடுத்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

வெளியில் தெரியாமல் தங்கவைக்கிற இடம் கேட்டீர்கள். அப்படி ஒரு பெயர் என்னிடமிருந்து வராது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்துச் சங்கிலியோடு கருகிப்போன 28 பேரும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான். கொண்டுபோய் விட்டவர்களில் கொடுமைக்காரர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? குணமானால் கூட்டி வந்துவிடலாம் என்றுதான் பலரும் விட்டிருப்பார்கள். உங்கள் மகனுக்கு உள்ளே தங்கித்தான் வைத்தியம் வேண்டும் என்று மனநல டாக்டர் சொன்னால் அரசு மருத்துவமனையில் சேருங்கள், கூடவே நீங்களும் தங்குங்கள். மறைப்பதற்காக எங்கும் அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. “என்னால ஒண்ணும் முடியல” என்கிற பிள்ளையிடம், “சாகணும்னு தோணுதாப்பா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, இருந்தால் வெளியே வரும். ஆமாம் என்று சொன்னால் கிழமை பார்க்காமல் அன்றைக்கே கிளம்புங்கள், தனியாக விடாதீர்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும், தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெளியேற்றுங்கள்.

இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் வீட்டுக்காரர் வருவது கடையோடு மட்டும்தான். கெஞ்சுவது நீங்கள், லெட்டர் சுமந்தது மகள். அப்பா என்ன செய்கிறார்? மகன் அறையில் கால்மணி நேரமாவது உட்காருகிறாரா? குடும்ப மானத்தைக் காப்பாற்றுவது ஆம்பளை வேலை என்று நினைக்கிறவராக இருந்தால் அந்த வேலையை இப்போது செய்யச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் அவர் கையெழுத்திலேயே, “என் மகனுக்குக் காமாலை இல்லை, மன அழுத்தம், சிகிச்சை பார்க்கிறோம்” என்று எழுதட்டும். மகள் கையில் கொடுக்க வேண்டாம், அவரே தலைமையாசிரியர் அறைக்குப் போகட்டும். டாக்டர் சான்றிதழ் கிடைத்ததும் வருகைப் பதிவுக்கு என்ன வழி, பாடம் எப்படிப் பிடிப்பது என்றும் அப்போதே கேட்டுவிட்டு வரலாம். மகனிடம் முதலிலேயே சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள், அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு லெட்டர் வேண்டாம்.

போவதற்கு முந்தின நாள் ராத்திரி மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இனி யாராவது கேட்டால், “எங்க அப்பாகிட்ட கேளுங்க” என்று சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாதீர்கள், அவர் சொல்லட்டும். திங்கட்கிழமை கடையைப் பதினொரு மணிக்குத் திறந்தால் போதும்.