நாலு பட்டறை, ஒரே பெல்ட் கிரைண்டர்: வேலையை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: நாங்கள் நாலு நண்பர்கள். பிழைப்புக்கு வேறு வேலை, ஓய்வு நேரத்தில் வீட்டுப் பட்டறையில் லேத் ஓட்டுகிறோம். ஆளுக்கொரு 2 × 72 அங்குல பெல்ட் கிரைண்டரை (2 அங்குல அகலம், 72 அங்குலச் சுற்றளவுள்ள உப்புத்தாள் பெல்ட் ஓடி உலோகத்தைத் தீட்டும் மிஷின்) நாங்களே சேர்ந்து வடிவமைத்துச் செய்யலாம் என்று இருக்கிறோம். ஒருவரிடம் நல்ல லேத், இன்னொருவரிடம் சின்ன மில்லிங் மிஷின், மூன்றாமவருக்கு வெல்டிங் வரும், நான் கம்ப்யூட்டரில் படம் வரைவேன். தனித்தனி இடத்தில் செய்த பாகங்கள் கடைசியில் பொருந்துமா? வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது?

பதில்: பொருந்தும். ஆனால் மிஷினை வைத்து வேலையைப் பிரிக்காதீர்கள். “உருளையெல்லாம் உனக்கு, சதுரமெல்லாம் எனக்கு” என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அப்படிப் பிரித்தால், ஒன்றுக்குள் ஒன்று உட்கார வேண்டிய இரண்டு பாகங்கள் இரண்டு கைக்குப் போய்விடும். துளை செய்தவர் படத்தில் உள்ள உச்ச அளவில் நிறுத்தியிருப்பார், தண்டு செய்தவர் கீழ் அளவில் நிறுத்தியிருப்பார். இருவர் மேலும் தப்பில்லை. மாட்டிப் பார்த்தால் ஆட்டம் இருக்கும்.

ஜோடியை வைத்துப் பிரியுங்கள். சக்கரம், அதன் ஆக்சில், நடுவில் இடைவெளி காக்கும் ஸ்பேசர் வளையம் மூன்றும் ஒரே ஆளுக்கு, அதுவும் நாலு கிரைண்டருக்கும் சேர்த்து. தீட்டும் முன்பகுதியைத் தாங்கும் டூல் ஆர்மும் அது நுழையும் கூடும் இன்னொருவருக்கு. ஒருவர் வேலை இன்னொருவர் வேலையோடு சேரும் இடத்தில் போல்ட்டும் துளையும் மட்டும் வருவதுபோல் படத்தை வரைவது உங்கள் பொறுப்பு. எம் 10 போல்ட்டுக்கு 11 மி.மீ. துளை போட்டால் சின்னச் சின்ன வித்தியாசத்தை அதுவே விழுங்கிக்கொள்ளும்.

படத்தில் முதலில் போட வேண்டிய கோடு பெல்ட்டின் மையக் கோடு. மோட்டார் சுழற்றும் டிரைவ் சக்கரம், பெல்ட்டை நடுவில் நிறுத்தும் டிராக்கிங் சக்கரம், முன்னால் பெல்ட்டோடு சும்மா சுற்றும் ஐட்லர்கள் எல்லாம் ஒரே தளத்தில் ஓடவில்லை என்றால் பெல்ட் ஒரு பக்கம் நழுவிக்கொண்டே இருக்கும். டிராக்கிங் குமிழை எவ்வளவு திருகினாலும் அடங்காது. அதனால் எல்லாப் பாகத்தையும் தாங்கும் நடுப் பிளேட்டின் முகத்திலிருந்து பெல்ட் மையம் இத்தனை மி.மீ. என்று ஒரு எண்ணைப் பேசி முடிவு செய்துவிடுங்கள், 60 என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லாப் பாகத்தின் அளவும் அந்தப் பிளேட் முகத்திலிருந்தே தொடங்கட்டும். ஒரு பாகத்தின் முடிவிலிருந்து அடுத்ததை அளந்து, அதிலிருந்து அதற்கடுத்ததை அளந்து என்று சங்கிலி போட்டால் ஒவ்வொருவரின் பிழையும் சேர்ந்து கடைசிச் சக்கரத்தின் தலையில் விழும்.

இனி சக்கரம். இந்த மிஷினில் கை நின்று செய்ய வேண்டிய வேலை இதுதான். ஐட்லருக்கு 6203 பேரிங் போதும்: உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ. இங்கே ஆக்சில் நிற்கிறது, சக்கரம் சுற்றுகிறது. அதாவது பேரிங்கின் வெளி வளையம் சுற்றுகிறது. சுமை ஒரே திசையில் இழுக்க, எந்த வளையம் சுற்றுகிறதோ அதுதான் இறுக்கமாக இருக்க வேண்டும். பலர் பழக்கத்தில் ஆக்சிலை டைட்டாகவும் சக்கரத்தை லூசாகவும் விடுகிறார்கள், கொஞ்ச நாளில் வெளி வளையம் அலுமினியத்தை அரைத்துக் குழி பறித்துவிடும். சக்கரத் துளைக்கு என் 7 (N7) ஃபிட் கொடுங்கள், அதாவது இறுகப் பிடிக்கும் அளவு, 39.967 முதல் 39.992 மி.மீ. வரை. ஆக்சிலுக்கு ஜி 6 (g6), 16.983 முதல் 16.994 வரை. கையால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும்.

இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பிடித்துக் குடைய வேண்டாம். ஒரே பிடியில் 40 மி.மீ. துளையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நேராகக் குடைந்து, அதே பிடியில் வெளிப்புறத்தையும் கடைந்துவிட்டால் ரன் அவுட், அதாவது மையம் விலகிச் சுற்றுவது, பற்றிய கவலையே இல்லை. நடுவில் இரண்டு ஸ்பேசர், உள் வளையத்துக்கு ஒன்று, வெளி வளையத்துக்கு ஒன்று. இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். உள் ஸ்பேசர் குட்டையாகிவிட்டால் நட்டை முடுக்கும்போது இரண்டு பேரிங்கும் பக்கவாட்டில் நெருக்குண்டு சூடாகும். ஒரே ஸ்டாப்பில் வைத்து இரண்டுக்கும் முகம் வெட்டுங்கள்.

அலுமினியம் குடையும்போது பொறுமை வேண்டும். குடைந்த சூட்டோடு அளக்காதீர்கள். அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 23 மைக்ரான் விரியும். 40 மி.மீ. துளை 25 டிகிரி சூடேறியிருந்தால் 0.023 மி.மீ. பெரிதாகக் காட்டும். நாம் விட்டிருக்கும் மொத்த டாலரன்ஸே, அதாவது அளவு முன்னே பின்னே போகலாம் என்ற வரம்பே, 0.025தான். கடைசி வெட்டுக்கு முன்னால் நன்றாக ஆறவிடுங்கள். ஓடும்போதும் இதே கதைதான். சக்கரம் சூடானால் பிடி கொஞ்சம் தளரும், அதனால் இரு முனையிலும் பேரிங் வெளியே வராமல் தடுக்கும் சர்கிளிப் வளையம் போடுவது நல்லது.

டிராக்கிங் சக்கரத்துக்கு மட்டும் நடுவில் மேடு வேண்டும். 50 மி.மீ. அகலத்தை மூன்றாகப் பிரித்து, நடுப்பகுதியை நேராக விட்டு, இரு ஓரத்தையும் லேத்தின் காம்பவுண்ட் ஸ்லைடை (கோணத்தில் திருப்பக்கூடிய மேல் ஸ்லைடு) 1 டிகிரி திருப்பி வெட்டினால் ஓரத்தில் விட்டம் 0.6 மி.மீ. குறையும். அது போதும். கூடுதலாக மேடு வைத்தால் பெல்ட் நடுவில் மட்டும் தேயும்.

நாலு பேரிடமும் நாலு மைக்ரோமீட்டர் இருக்கும், நாலும் ஒரே எண்ணைச் சொல்லாது. இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. நல்ல கம்பெனியின் புதுப் பேரிங் ஒன்றைச் சுற்றுக்கு விடுங்கள். சாதாரணத் தர 6203-இன் வெளிவிட்டம் 39.989-க்கும் 40.000-க்கும் நடுவில்தான் இருக்கும். உங்கள் மைக்ரோமீட்டர் 40.02 காட்டினால் கோளாறு பேரிங்கில் இல்லை. அந்த வித்தியாசத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மைக்ரோமீட்டர் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள்.

மோட்டாரை அவரவர் இஷ்டத்துக்கு வாங்கினால் டிரைவ் சக்கரம் செய்பவருக்குத் தலைவலி. 80 பிரேம் (மோட்டாரின் அளவைச் சொல்லும் எண்) மோட்டாரின் ஷாஃப்ட் 19 மி.மீ., சக்கரத்தை ஷாஃப்டோடு பூட்டும் சாவி 6 மி.மீ. அகலம். 90 பிரேம் என்றால் 24, சாவி 8. நாலு பேரும் ஒரே பிரேம் என்று உறுதி செய்த பிறகே அலுமினியத் துண்டை அறுங்கள். வேகத்தையும் அப்போதே பேசிவிடலாம். 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரில் 100 மி.மீ. சக்கரம் போட்டால் பெல்ட் வேகம் வினாடிக்கு ஏழரை மீட்டர். 2850 சுற்றுக்கு அதுவே 15 மீட்டர். முதல் கிரைண்டருக்கு இந்த 15 மீட்டருக்கு மேல் தேவையில்லை என்பது என் கருத்து. கத்தி செய்கிறவர்கள் கூடுதல் கேட்பார்கள், கேட்கட்டும்.

ஆர்முக்கான கூட்டைச் சதுரக் குழாயில் செய்ய நினைத்திருப்பீர்கள். உள்ளே விரல் விட்டுத் தடவிப் பாருங்கள்: ஒரு பக்கம் வெல்டிங் தையல் மேடாக இருக்கும், மூலைகள் வளைந்திருக்கும். அதை அரத்தால் ராவிச் சரிசெய்வதற்குள் பொழுது போய்விடும். நாலு பட்டைகளை அடுக்கி போல்ட் போட்டு கூடாக்கிவிடுங்கள். ஒரு பட்டைக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடு வைத்தால் 0.2 மி.மீ. இடைவெளி தானாகக் கிடைக்கும், வெல்டிங் சூட்டில் கோணும் தொல்லையும் இல்லை.

நாலையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். முதலில் ஒன்றே ஒன்றை முழுசாகச் செய்து, ஓட்டி, திட்டி முடித்த பிறகு மற்ற மூன்றுக்கும் உலோகம் வெட்டுங்கள். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் ஆர்ம் எங்கோ இடிக்கும், மோட்டாரின் போல்ட்டுக்கு ஸ்பேனர் நுழையாது, இதெல்லாம் திரையில் தெரிவதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் படத்தின் மூலையில் ஏ, பி, சி என்று எழுத்தை மாற்றி, பழைய தாளைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். பழைய தாள் யார் சுவரிலாவது தொங்கிக்கொண்டிருந்தால் அவர் அந்த அளவில்தான் செய்துகொண்டு வருவார். நாலு சக்கரம் வேண்டுமென்றால் ஆறு துண்டு அறுங்கள். வீணாகும் துண்டின் செலவு பொதுக் கணக்கில்தான் என்று முன்னாலேயே பேசிவிட்டால் மனஸ்தாபம் வராது.

சக்கரம் கடைய எல்லோரும் ஓடி வருவார்கள், பெல்ட் கவசம் செய்ய யாரும் வர மாட்டார்கள். அதற்கு ஒருவர் பெயரை எழுதிவிடுங்கள். மோட்டார் முழுக்க மூடிய வகையாக இருக்கட்டும், இரும்புத் தூள் உள்ளே போனால் காயில் எரிந்துவிடும். வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் அதே பயம் உண்டு, அதைத் தூசி புகாத டப்பாவுக்குள் வையுங்கள். எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் முடுக்குங்கள். இரும்பு தீட்டும் கிரைண்டரில் அலுமினியம் தீட்ட வேண்டாம், இரண்டின் தூளும் ஒரே தொட்டியில் சேர்ந்து அதில் பொறி பட்டால் கடும் தீ பிடிக்கும்.

முதல் ஓட்டம் பெல்ட் இல்லாமலே இருக்கட்டும். சக்கரம் அதிராமல் சுற்றுகிறது என்று தெரிந்ததும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு பெல்ட் மாட்டுங்கள், முதுகில் போட்ட அம்புக்குறி பார்த்து. பிறகு கையால் பத்துச் சுற்று சுற்றி, பெல்ட் நடுவில் நிற்கும் வரை டிராக்கிங்கைத் திருகுங்கள். சுவிட்ச் போடும்போது பெல்ட்டுக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நில்லுங்கள்.