கிராஸ்ஓவர் கேபிள் வாங்காதீங்க, முதல்ல பிளக்கைப் பாருங்க

நண்பரே, கோத்தகிரி வீட்டு ரௌட்டர்லேருந்து கீழே காட்டேஜ் ஸ்விட்சுக்கு 60 மீட்டர் கேபிள் இழுத்திருக்கீங்க. ரெண்டுமே கிகாபிட் (1000 எம்பிபிஎஸ் வேகம்), ஆனா 100 எம்பிபிஎஸ்-க்கு மேல ஏறல, கடைக்காரர் கிராஸ்ஓவர் போடச் சொல்றார்னு எழுதியிருந்தீங்க. அந்தச் செலவு வேண்டாம்.

கிராஸ்ஓவர்னா பிளக்குல கம்பிகளோட நிற வரிசை ஒரு முனையில 568ஏ, மறுமுனையில 568பி. பழைய 10/100 ஸ்விட்சு ரெண்டை இணைக்கும்போது, ஒண்ணு அனுப்புற கம்பி இன்னொண்ணு வாங்குற கம்பிக்குப் போகணுமே, அதுக்காக வந்தது. கிகாபிட் போர்ட்டுகள் ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் மூலமா அதைத் தாங்களே மாத்திக்கும். அதுவும் போக, அப்படி மாறாமப் போனா போர்ட்டுல லிங்க் விளக்கே எரியாது. உங்களுக்கு மாதிரி லிங்க் வந்து வேகம் மட்டும் குறையுறது நடக்காது.

100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ விட்டுப்போனா பல ஸ்விட்சுகள் 100-க்கு இறங்கிடும். நம்ம மலை ஈரத்துக்கு இது சகஜம். போன ஐப்பசி மழையில குன்னூர்ல எங்க வீட்டுலயும் இதேதான். பிளக்கை டார்ச் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா 7, 8 பின்கள்ல பச்சைக் களிம்பு! வெட்டிட்டுப் புது ஆர்ஜே45 பிளக் போட்டதும் 1000 வந்துடுச்சு.

நீங்களும் ரெண்டு முனையையும் வெட்டி, புது பிளக்கை 568பி வரிசையில கிரிம்ப் பண்ணுங்க (கருவியால அழுத்திப் பொருத்துங்க). போர்ட் வேகத்தை யாராவது 100-ன்னு நிறுத்தி வெச்சிருந்தா ஆட்டோவுக்கு மாத்துங்க. அப்பவும் ஏறலைன்னா, கேபிள் டெஸ்டர்ல எந்த எண் எரியலைன்னு இங்க எழுதுங்க, பார்த்துச் சொல்றேன்.