வாசகர் கேள்வி–பதில்: சமன்பாடு வரையும் பவளம்

கேள்வி: அறிவியல் சமன்பாடு ஒன்றைக் கொடுத்தால் கணினியே பவளம் போலவும் சிறுத்தைத் தோல் போலவும் படம் வரைந்துவிடுகிறதே, அதில் ஓவியருக்கு என்ன வேலை இருக்கிறது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இவ்வகை ஓவியங்களுக்கு மூலமாக அமைந்தது, ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை. எல்லாச் செல்களும் ஒன்றுபோல் இருக்கும் கருவில் வரியும் புள்ளியும் எப்படித் தோன்றுகின்றன என்று ஆராய்ந்த அவர், ஒன்றோடொன்று வினைபுரியும் இரு வேதிப்பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் பரவினால், சீரான பரப்பு தானாகவே கலைந்து உருக்கொள்ள முடியும் என்று காட்டினார். தண்ணீரில் விட்ட மை பரவிப் பரவி வேறுபாட்டை அழிப்பதையே நாம் கண்டிருக்கிறோம்; அந்தப் பரவலே வேறுபாட்டைப் படைக்கவும் வல்லது என்ற எண்ணம் இன்றும் என்னை வியக்க வைக்கிறது. கணினியில் ஈடுபாடு மிக்க டூரிங், அக்கட்டுரையிலுள்ள திட்டுத்திட்டான படத்தைக் கையால் கணக்கிட்டே பெற்றார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இப்படி இரு பொருள்கள் வினைபுரிந்து பரவுவதைக் கணக்கிட இன்று பலரும் கையாளும் கிரே–ஸ்காட் என்ற சமன்பாட்டு மாதிரியில், முதற்பொருள் இடைவிடாது ஊட்டப்படுகிறது. இரண்டாம் பொருள் அதை உண்டு பெருகுகிறது, அந்த இரண்டாம் பொருளில் ஒரு பங்கு தொடர்ந்து நீக்கப்படுகிறது. ஊட்டும் வீதத்தை 0.0367 என்றும் நீக்கும் வீதத்தை 0.0649 என்றும் வைத்தால், செல்கள் பிரிவதுபோல் புள்ளிகள் இரண்டிரண்டாகப் பிளக்கின்றன, அவற்றையே 0.0545, 0.062 என்று மாற்றினால் பவளம்போல் கிளைத்து வளர்கின்றன. பொருந்தாத எண்களை இட்டால் உருவங்கள் யாவும் மறைந்து ஒரே நிறப் பரப்பு மிஞ்சும்.

ஓவியரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. அந்த எண்களைப் படத்தின் இடத்துக்கு இடம் மாற்றுவதும், முதல் விதையை எங்கே இடுவது, பரவலை எத்திசையில் விரைவுபடுத்துவது, வளர்ச்சியை எந்தக் கணத்தில் நிறுத்துவது என்று முடிவுசெய்வதும் அவரே. சமன்பாட்டுக்கு அழகும் அழகின்மையும் ஒன்றுதான். ஆகவே, யாரோ கண்டறிந்த எண்களை அப்படியே ஓடவிட்டு, வந்த படத்தைச் சட்டமிட்டு மாட்டுவதைக் கலை என்று ஏற்க நான் தயங்குவேன்.

கேள்வி: கணினிப் பயிற்சி குறைந்தவர்களும் இதைச் செய்து பார்க்க முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முடியும். கேசி ரீஸ், பென் ஃப்ரை இருவரும் 2001இல் ஓவியர்களையும் வடிவமைப்பாளர்களையும் மனத்தில் கொண்டு தொடங்கிய பிராசஸிங் என்ற நிரல்மொழி இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் 200க்கு 200 கட்டங்கள் கொண்ட சிறு பரப்பில் தொடங்கி, ஒரு முறைக்கு ஓர் எண்ணை மட்டும் சிறிதளவு மாற்றிப் பாருங்கள்.