தண்ணீர் கலந்தால் கழிவு குறையாது: கழிவுநீர் கேள்வி-பதில்

இந்த முறை கடிதங்கள் அதிகம். பலர் ஆய்வறிக்கையின் ஒரு பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பிவிட்டு, "இது பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதியான இசைவாணையைப் பார்க்காமல் அறிக்கையை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. அடுத்த முறை இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்துகிறோம். எஸ்டிபி (சாக்கடை சுத்திகரிப்பு நிலையம்) தண்ணீரில் பிஓடி 26 வந்திருக்கிறது. அரசு வரம்பு 30தானே, பிரச்சினை இல்லையே?

பிஓடி என்பது தண்ணீரிலுள்ள கழிவைச் செரிக்க நுண்ணுயிர் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன். அந்த 30 எந்த 30 என்று பாருங்கள். 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் ஆறாவது அட்டவணை, ஆற்றிலும் குளத்திலும் விடும் கழிவுநீருக்குப் பொதுவாக பிஓடி 30, சிஓடி (ரசாயன முறையில் அளக்கும் ஆக்சிஜன் தேவை) 250, டிஎஸ்எஸ் (கரையாத துகள்) 100, எண்ணெய் 10 என்று சொல்கிறது. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. அப்புறம் 2017 அக்டோபரில் எஸ்டிபிகளுக்கென்று தனி அறிவிக்கை வந்தது. அதில் பெருநகரங்களுக்கு பிஓடி 20, மற்ற ஊர்களுக்கு 30. அது போதாது, 10 வேண்டும் என்று 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஆக மூன்று எண்கள் உலவுகின்றன. உங்களைக் கட்டுவது உங்கள் இசைவாணையில் அச்சான எண் மட்டும்தான். அட்டவணையில் இருப்பதைவிடக் கடுமையான வரம்பை வைக்க மாநில வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. காரணத்தை எழுத்தில் பதிந்தால் போதும். இசைவாணையில் 20 என்று இருந்தால் உங்கள் 26 மீறல். இசைவாணையை எடுத்துப் படியுங்கள்.

வாகன சர்வீஸ் ஸ்டேஷன் வைத்திருக்கிறேன், தக்கலை பக்கம். பின்னால் இருக்கும் ஓடை வருஷத்தில் பாதி நாள் காய்ந்துதான் கிடக்கும். அதில் விட்டால் தவறா?

தவறு. 1974 தண்ணீர்ச் சட்டத்தில் ஓடை என்றால் தண்ணீர் ஓடுவதும் சேரும், இப்போதைக்கு வறண்டு கிடப்பதும் சேரும். நிலத்தடி நீரும் சேரும், கடலும் சேரும். எண்ணெய் பிரிக்கும் தொட்டி கட்டி, வாரம் ஒரு தடவை மேலே மிதப்பதை வழித்து எடுங்கள். தொட்டி கட்டிவிட்டு வழிக்காமல் விட்டால் கட்டாததற்குச் சமம்.

குலசேகரத்தில் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. ரப்பர் பாலை ஆசிட் ஊற்றி உறையவைத்து வீட்டிலேயே ஷீட் அடிக்கிறோம். ஆசிட் தண்ணீரைத் தோட்டத்து ஓடையில் விடுகிறோம். எங்களைப் போன்றவர்களுக்கும் இசைவாணை வேண்டுமா?

வீட்டில் ரோலர் வைத்துச் சில ஷீட் அடிப்பவரைத் தேடி இசைவாணை கேட்டு யாரும் வர மாட்டார்கள். ஆனால் 1974 தண்ணீர்ச் சட்டத்தின் 24-வது பிரிவு ஆலைகளுக்கு மட்டுமானதல்ல. மாசு தரும் பொருளைத் தெரிந்தே ஓடையிலோ கிணற்றிலோ சேரவிடக் கூடாது என்று அது எல்லோருக்கும் சொல்கிறது. பால் உறைந்தபின் மிஞ்சும் தண்ணீர் வெறும் ஆசிட் தண்ணீர் அல்ல. புரதமும் சர்க்கரையும் கரைந்திருப்பதால் அதன் பிஓடி ஆயிரக்கணக்கில் இருக்கும். புளிப்பைக் காட்டும் பிஎச் 5-க்குக் கீழே நிற்கும். ஓடையில் விழுந்த அன்றே தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி ஒரு குழி எடுங்கள். சுண்ணாம்பு போட்டு பிஎச் 6.5, 7-க்குக் கொண்டுவந்து, சில நாள் நிறுத்தி, பிறகு மரத்து மூட்டுக்கு விடலாம். ஆசிட்டை அளந்து ஊற்றுங்கள். கண்ணளவில் ஊற்றுபவர்கள் தேவைக்கு மேல்தான் ஊற்றுகிறார்கள். பக்கத்தில் ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே இடத்தில் ஷீட் அடித்து, அந்தத் தண்ணீரைச் சாண எரிவாயுக் கலன் மாதிரியான கலனில் விட்டால் அடுப்புக்கு வாயுவும் கிடைக்கும். ரப்பர் பாலைச் செறிவாக்கும் ஆலைகள் வேறு வகை. அங்கே அமோனியாவும் கந்தக அமிலமும் சேர்வதால் நாற்றம், நைட்ரஜன் இரண்டும் தனிப் பிரச்சினை. அவர்கள் இசைவாணை இல்லாமல் ஒரு நாள் கூட ஓட்டக் கூடாது.

உணவுப் பொருள் தயாரிக்கும் ஆலை எங்களுடையது. நாளுக்கு 50 கிலோ லிட்டர் கழிவுநீர். இடிபி (ஆலைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) தாண்டி வரும் தண்ணீரில் சிஓடி 400 நிற்கிறது. அதே அளவு போர் தண்ணீர் கலந்தால் 200 ஆகிவிடும் என்று ஆலோசகர் சொல்கிறார். செய்யலாமா?

செய்யக் கூடாது. இதைச் சொன்ன ஆலோசகரை மாற்றுங்கள்.

எத்தனையோ முறை எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன். கணக்கைப் பாருங்கள். 50 கிலோ லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 20 கிலோ. 50 கிலோ லிட்டர் போர் தண்ணீர் சேர்த்தபின் 100 கிலோ லிட்டரில் 200 மில்லிகிராம். அதுவும் நாளுக்கு 20 கிலோ. ஒரு கிராம் கூடக் குறையவில்லை. ஆற்றில் போய்ச் சேர்வது அந்த 20 கிலோ. அறிக்கையில் 250-க்குக் கீழே ஒரு எண் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதில் பாதியைத்தான் ஆறு செரிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 10 கிலோ ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் நல்ல ஆற்றுத் தண்ணீரில் 7, 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். அப்படியானால் சுமார் 13 லட்சம் லிட்டர் தண்ணீரின் மொத்த ஆக்சிஜனையும் உங்கள் ஒரே ஆலை ஒரே நாளில் எடுத்துக்கொள்கிறது. மீன் பிழைக்க 4 மில்லிகிராமாவது வேண்டும்.

சட்டப்படியும் நீங்கள் தப்ப முடியாது. இசைவாணையில் சிஓடி எண் மட்டுமா இருக்கிறது? எந்த வழியாக, நாளுக்கு எத்தனை கிலோ லிட்டர், எங்கே விடலாம் என்றும் இருக்கிறது. 50-க்கு அனுமதி வாங்கிவிட்டு 100 விட்டால் அதுவே தனி மீறல். இசைவாணையைப் படியுங்கள். மீட்டரையும் மின்கட்டணத்தையும் போர் மோட்டார் ஓடிய நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த பொறியாளர் வந்தால் அரை மணி நேரத்தில் பிடித்துவிடுவார்.

போர் தண்ணீர் கலப்பதற்கு ஒன்றுவிட்ட தம்பிதான் மழைத் தண்ணீரோடு திறந்துவிடுவது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியில் ஒரு தடவை, ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவை, பைபாஸ் வால்வைத் திறந்து மாதக்கணக்கில் தேக்கியதை எல்லாம் விட்டுவிடுகிறார்கள். ஆறு கலங்கி ஓடுவதால் யாருக்கும் தெரியாதாம். அந்த வண்டல், பழையாறு கடலில் சேரும் மணக்குடி பொழியில் போய்ப் படிகிறது. அங்கே சிப்பி எடுப்பவர்களுக்கும் வலை போடுபவர்களுக்கும் தெரிகிறது.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் கோடையில். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளை வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறப்பார்கள், பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் சாகுபடியும் முடிந்து கால்வாய் அடைத்தபின், மார்ச் முதல் மே வரை பழையாற்றின் கீழ்ப்பகுதியில் ஓடுவது பெரும்பாலும் ஊர்ச் சாக்கடைதான். செழிப்பாக ஓடும் ஆற்றுக்கும் 30, தண்ணீரே இல்லாத ஆற்றுக்கும் அதே 30 என்று வரம்பு வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒரு நாளுக்கு இத்தனை கிலோதான் விடலாம், கோடையில் அதிலும் குறைவாகத்தான் விடலாம் என்று இந்த ஆறுகளுக்கு எழுத வேண்டும். கடுமையான வரம்பு வைக்கும் அதிகாரம் வாரியத்திடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் கேளுங்கள், விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கேளுங்கள்.

சரி, உங்கள் 400-க்கு வருகிறேன். பாத்திரம் கழுவும் முதல் தண்ணீரையும் எண்ணெய்த் தண்ணீரையும் தனியாகப் பிரியுங்கள்; கழிவின் பாரத்தில் பெரும்பகுதி அந்தச் சிறு அளவுத் தண்ணீரில்தான் இருக்கும். சமன்செய்யும் தொட்டி சிறியதாக இருந்தால் காலையில் ஒரே மூச்சில் வரும் தண்ணீர் காற்றூட்டத் தொட்டியைத் திணறடிக்கும். தொட்டிக்குக் காற்று அடிக்கும் ப்ளோயர் சரியாக ஓடுகிறதா பாருங்கள். இவற்றைச் செய்தும் இறங்காவிட்டால் முழு ஆய்வறிக்கையை, உள்ளே வரும் தண்ணீருக்கும் சேர்த்து, அனுப்புங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளர், நாகர்கோவில்: மின்கட்டணம் தாங்கவில்லை. எஸ்டிபி ப்ளோயரை இரவில் நிறுத்திவிட்டுக் காலையில் போட்டால் போதாதா?

உங்கள் தொட்டியில் வேலை செய்வது நுண்ணுயிர். இரவெல்லாம் காற்று இல்லாவிட்டால் அவை செத்து, தொட்டி கறுத்து, நாற்றம் கிளம்பும். திரும்ப நிலைக்கு வர ஒன்றிரண்டு வாரம் கூட ஆகலாம். டைமர் வைத்துச் சிறு இடைவெளிகளில் நிறுத்தி ஓட்டலாம், ஆனால் கரைந்த ஆக்சிஜன் 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்காமல் பார்க்கத் தெரிந்தவர் அருகில் வேண்டும். எஸ்டிபிக்குத் தனி மின்மீட்டர் வைக்கச் சொல்வது சும்மா அல்ல. நீங்கள் இரவில் நிறுத்தினால் அது காட்டிக்கொடுக்கும்.

குடிநீர் கேன் ஆலை. ஆர்ஓ ரிஜெக்ட் தண்ணீரில் (மெம்பரேன் ஒதுக்கித் தள்ளும் உப்புத் தண்ணீர்) டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பு, 3000. இடிபி போட்டால் குறையுமா?

குறையாது. இடிபி உப்பை எடுக்காது. நம் மாநிலத்தில் வரம்பு 2100. கடலோர போர் தண்ணீரே உப்பாக இருக்கும்போது அதிகம் பிழிந்தெடுத்தால் ரிஜெக்ட் இப்படித்தான் வரும். மெம்பரேனில் எடுக்கும் விகிதத்தைக் குறையுங்கள். முன்னே சொன்னதுதான் இங்கேயும்: நல்ல தண்ணீர் கலந்து 2100 காட்டாதீர்கள்.

குளச்சலில் மீன் பதனிடும் கூடம். கடலில் விட்டால் பிஓடி 100 வரை போகலாம் என்று படித்தேன். பக்கத்து ஏவிஎம் கால்வாய் கடலோடுதானே சேர்கிறது?

கால்வாய் கடல் அல்ல. கால்வாயில் விடுபவருக்கு 30தான். கடலுக்கான 100-ஐ உங்கள் இசைவாணை கடலில் விட அனுமதித்திருந்தால் மட்டும் பேசுங்கள்.

வாரியத்தார் எடுத்த மாதிரியில் எங்கள் பிஓடி 70. மறுநாள் நாங்களே எடுத்துத் தனியார் லேபில் கொடுத்தோம், 22. யாரை நம்புவது?

எந்த பாட்டிலில் எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு, எங்கே நின்று, ஐஸில் வைத்தீர்களா? ஒன்றையும் எழுதவில்லை. கூல்டிரிங்ஸ் பாட்டிலில் எடுத்து, மதியம் வரை வண்டியில் வைத்து, பிறகு லேபில் கொடுத்த தண்ணீரின் எண்ணுக்கு மதிப்பில்லை. பிஓடி மாதிரியைக் குளிரில் வைத்து அன்றே லேபில் சேர்க்க வேண்டும். 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துத்தான் பார்ப்பார்கள். எண்ணெய்க்குக் கண்ணாடிப் பாட்டில். மறுநாள் தண்ணீர் வேறு, முந்தைய நாள் தண்ணீர் வேறு என்பதையும் மறக்காதீர்கள்.

அவர்கள் வந்த அன்றே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறீர்கள். தண்ணீர்ச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி மாதிரியை உங்கள் கண்முன் இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் கோரினால் ஒரு பாகம் அரசின் தண்ணீர் ஆய்வகத்துக்குப் போகும். உங்கள் ஆள் யாரும் அங்கே நிற்காமல் டீ குடிக்கப் போயிருந்தால் அந்த உரிமை போனது போனதுதான். சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கணக்கு வந்தால் நாளுக்கு 5000 ரூபாய்க்குக் குறையாது. எத்தனை நாள் மீறல் என்று பெருக்குவார்கள். 22-ஐப் பிடித்துக்கொண்டு நிற்காமல் 70 ஏன் வந்தது என்று தேடுங்கள்.

எட்டுப் படுக்கை மருத்துவமனை, மார்த்தாண்டம். சிறியதுதானே, எங்களுக்கு விதிவிலக்கு உண்டா?

இல்லை. 2016 மருத்துவக் கழிவு விதிகள் பத்துப் படுக்கைக்குக் குறைந்தவர்களுக்கும் கழிவுநீர் வரம்பைக் கொண்டுவந்தன. அவகாசம் 2019 டிசம்பர் 31-ல் முடிந்துவிட்டது. பிஓடி 30, சிஓடி 250. அதோடு கழிவுநீரில் விட்ட மீன்களில் நூற்றுக்கு 90 நான்கு நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற சோதனையும் உண்டு. லேப், லேபர் வார்டு தண்ணீரைக் கிருமி நீக்கிவிட்டுத்தான் எஸ்டிபிக்கு அனுப்ப வேண்டும். ஆனால் குளோரினைக் கணக்கில்லாமல் கொட்டினால் எஸ்டிபி நுண்ணுயிரும் சாகும், சோதனை மீனும் சாகும்.

சுசீந்திரத்தில் பழையாற்றில் அடிக்கடி நுரையும் நாற்றமும். யாரிடம் புகார் செய்வது? செய்தால் நடவடிக்கை இருக்குமா?

வாரியத்தின் நாகர்கோவில் அலுவலகம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள், இரண்டிலும் கொடுங்கள்; ஒப்புகை வாங்குங்கள். "ஆறு நாறுகிறது" என்று ஒரு வரி எழுதினால் ஒன்றும் நடக்காது. தேதி, மணி, எந்தப் பாலத்துக்கு எந்தப் பக்கம், குழாய் வாய் தெரிகிறதா, தண்ணீரின் நிறம், படம் எல்லாம் வேண்டும். மேலே நூறு மீட்டரில் தண்ணீர் தெளிவாகவும் குழாய்க்குக் கீழே நுரையாகவும் இருந்தால் இரண்டு படத்தையும் இணையுங்கள். இரவில் லாரி வந்து மலக்கழிவைத் திறந்துவிட்டால் வண்டி எண்ணைக் குறித்து உள்ளாட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022 முதல் ராம்சார் (உலக முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட) ஈரநிலம். அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள், கோப்பு நகரும்.

வீட்டு செப்டிக் டேங்கின் ஓவர்ஃபுளோ குழாய் தெருவோரச் சானலில் இருக்கிறது. கட்டியவர் அப்படித்தான் வைத்தார். அதற்கும் வரம்பு உண்டா?

வரம்பு பார்க்க வேண்டிய குழாய் அல்ல அது, இருக்கவே கூடாத குழாய். அடைத்துவிட்டு உறிஞ்சுகுழி எடுங்கள். டேங்க் நிரம்பி வழிந்தால் உள்ளாட்சியில் பதிந்த வண்டியைக் கூப்பிட்டு உறிஞ்சச் சொல்லுங்கள். ஆளை உள்ளே இறக்காதீர்கள். 2013 முதல் அது சட்டப்படி குற்றம், உயிரும் போகும். உதவிக்கு 14420.