பழவேற்காடு டச்சுக் கல்லறையில் படமெடுக்க ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: பழவேற்காட்டில் இருக்கும் பழைய டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் படமெடுக்கப் போகிறேன். டிஎஸ்எல்ஆர் கேமராவும் ட்ரைபாடும் வைத்திருக்கிறேன். தொல்லியல் துறை அனுமதி வாங்கித் தருவதாக ஒருவர் 3,500 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா? போன முறை மொபைலில் எடுத்தபோது கல்லில் இருந்த எழுத்து ஒன்றுமே விழவில்லை. சாக்பீஸ் தூள் தடவினால் தெரியும் என்கிறார்களே, தடவலாமா?

பதில்: பணமும் கொடுக்காதீர்கள், சாக்பீஸும் தடவாதீர்கள்.

முதலில் அந்த 3,500. அந்தக் கல்லறை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் நினைவுச்சின்னம், உள்ளே போக டிக்கெட்டே கிடையாது. இப்படிப்பட்ட சின்னங்களில் படமெடுக்க இருந்த தடையை 2018 ஜூலையில் அந்தத் துறையே நீக்கிவிட்டது. அஜந்தா, தாஜ்மகாலின் உள்சமாதி, லே அரண்மனை ஆகிய மூன்று இடங்களில் மட்டும்தான் தடையை அப்படியே விட்டுவைத்தார்கள். ஆகவே கழுத்தில் கேமரா தொங்க, கையில் பிடித்து உங்கள் ஆசைக்கு எடுப்பதற்கு யாருடைய கடிதமும் வேண்டாம். இல்லாத அனுமதியை வாங்கித் தர ஒருவர் பணம் கேட்கிறார் என்றால் அந்தப் பணம் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேறொரு ஊரில் என்னிடமே ஒருவர் முத்திரை குத்திய ஜெராக்ஸ் ஒன்றை நீட்டினார். படித்துப் பார்த்தால் அது ஏதோ ஒரு சினிமா கம்பெனிக்கு எப்போதோ கொடுத்த அனுமதி, பெயர் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளை மை பூசியிருந்தது!

ட்ரைபாட் விஷயம் வேறு. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். கையில் பிடித்து எடுத்தால் நீங்கள் பார்வையாளர். ட்ரைபாடை விரித்த நொடியே தொழில்முறைக்காரர் ஆகிவிடுகிறீர்கள், முன்அனுமதி வேண்டும். கேமரா லட்ச ரூபாயா, பழைய டப்பாவா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. ‘நான் காசுக்கு எடுக்கவில்லை சார்’ என்று சொல்லியும் பயனில்லை, காவலாளி பார்ப்பது மூன்று காலைத்தான். மொபைலுக்கு வாங்கிய முழங்கால் உயர ஸ்டாண்டும் ஸ்டாண்டுதான். கல்யாணத்துக்கு முந்தைய ஷூட் என்று ஜோடியும் லைட்டும் உதவியாளர்களுமாக வருகிறவர்களுக்கும் இதே கதை. கட்டாயம் ட்ரைபாட் வேண்டுமென்றால் அந்தத் துறையின் சென்னை வட்டக் கண்காணிப்புத் தொல்லியல் ஆய்வாளருக்கு நீங்களே எழுதுங்கள், அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. பதில் எப்போது வரும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். இந்த நாட்டில் ஒரு கல்லைப் படமெடுக்க மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் அதே கல்லை ஒருவர் உடைத்து எடுத்துக்கொண்டே போய்விடலாம். என்னைக் கேட்டால் ட்ரைபாடை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், வெயிலில் அது தேவையும் இல்லை.

அப்புறம் சாக்பீஸ். இதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். சாக்பீஸ், மைதா, ஷேவிங் க்ரீம், எல்லாம் ஒரே ரகம். கல்லின் நுண்துளைக்குள் போனது மழைக்கெல்லாம் முழுதாக வெளியே வராது. மைதா எறும்பையும் பூஞ்சையையும் கூப்பிடும். அதைவிட மோசம், நீங்கள் தடவுவது கல்வெட்டை அல்ல, கல்வெட்டு என்று நீங்கள் நினைத்துக்கொண்டதை. தேய்ந்துபோன 7-ஐ 1 என்று நினைத்து வெள்ளைக் கோடு போட்டால், உங்கள் படத்தைப் பார்க்கிறவர் எல்லோருக்கும் அது 1-தான். பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குச் சேதம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2010-இல் சட்டத்தைத் திருத்தியும் வைத்திருக்கிறார்கள். கல்லில் தாளை ஒற்றி மை தட்டி எழுத்தைப் படியெடுக்கும் மைப்படி ஆசை இருந்தாலும் அனுமதியில்லாமல் வேண்டாம்.

சரி, எழுத்து எப்படித் தெரியும்? அங்கே பெரும்பாலான பலகைக் கற்கள் தரையோடு படுத்துக் கிடக்கின்றன. உச்சி வெயில் நேராக மேலிருந்து விழுந்தால் எழுத்துக்கு நிழலே இருக்காது, கல் வெறும் சாம்பல் பரப்பாகத்தான் தெரியும். நீங்கள் போன முறை பதினோரு மணிக்கு மேல் போயிருப்பீர்கள். சூரியன் உதித்து ஒன்றரை மணி நேரத்துக்குள், இல்லையென்றால் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் போங்கள். வெயில் சாய்வாகக் கல்லைத் தடவிக்கொண்டு போகும், ஒவ்வொரு எழுத்தும் தன் நிழலோடு எழுந்து நிற்கும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பலர் விடுவது அதைத்தான். ஒளி போகும் திசையிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது. காலை வெயிலும் மாலை வெயிலும் கிழக்கு மேற்காகத்தான் ஓடுகின்றன, அதனால் அதே திசையில் வெட்டிய கோடுகள் இரண்டு வேளையிலும் காணாமல் போகும். மேல்கோடு காணாமல் போன 7, அங்கேயும் 1 ஆகிவிடும். இதற்கு ஒரு குடையும், சமையல் அலுமினியத் தாள் ஒட்டிய தெர்மகோல் அட்டையும் போதும். கூட வந்தவரைக் குடையால் கல்லுக்கு நிழல் பிடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் அட்டையை வடக்கிலோ தெற்கிலோ தரையோடு தாழ்த்தி வைத்து வெயிலைத் திருப்பி அடியுங்கள். ஒரே கல்லை நான்கு பக்க ஒளியில் நான்கு படம் எடுங்கள். கல்லுக்கு நேர் மேலே கேமராவைப் பிடியுங்கள், சாய்த்துப் பிடித்தால் ஒரு முனை பெரிதாகவும் மறுமுனை சிறிதாகவும் வரும். சருகு கிடந்தால் கையால் எடுத்துப் போடலாம், கம்பி பிரஷ் கூடாது.

டச்சு தெரியாதே என்று பயப்பட வேண்டாம். ‘ஹியர்’ என்று தொடங்கினால் ‘இங்கே’, அதாவது இங்கே அடக்கம் செய்யப்பட்டவர் இன்னார் என்று அர்த்தம். பெயரும் ஆண்டும் தெளிவாக விழுந்தால் மற்றதை வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய ஊர் இது, பதினேழாம் நூற்றாண்டுக் கற்களே இருக்கின்றன.

ட்ரோன் பேச்சே எடுக்காதீர்கள், ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா.

கதவு பூட்டியிருந்தால் சுவர் ஏறிக் குதிக்க வேண்டாம். அக்கம்பக்கத்தில் கேட்டால் சாவி யாரிடம் என்று சொல்வார்கள், அதைக் கதவிலேயே எழுதி மாட்டுவதற்கு என்ன கேடு என்று எனக்குப் புரியவில்லை. சாவிக்காரர் வரும்வரை வாசலில் இருபுறமும் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளை எடுங்கள், அதற்குப் பூட்டு திறக்க வேண்டியதில்லை.