கிளீன் பண்ணினதுக்கு அப்புறம் தீட்டு பொட்டு பொட்டாத்தான் வருது

கேள்வி: எனக்கு 28 வயசு. போன வருஷம் மூணாம் மாசத்துல கரு கலைஞ்சு, டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டி கிளீன் பண்றது) பண்ணினாங்க. அதுக்கப்புறம் மாதவிலக்கு ஒரே நாள், பொட்டு பொட்டா. அடிவயிறு மட்டும் மூணு நாள் இழுத்துப் பிடிக்குது. பாலக்காட்டு டாக்டர், கர்ப்பப்பை உள்ளே ஒட்டியிருக்கு, ஆபரேஷன் வேணும்ங்கறார். மாமியார், தீட்டு குறைஞ்சா நல்லதுதானேங்கறாங்க. தெரிஞ்ச ஒருத்தர், இன்னொரு தடவை கிளீன் பண்ணினா சரியாயிடும்ங்கறார். வயித்தைக் கிழிப்பாங்களோன்னு பயமா இருக்கு.
*- பெயர் வேண்டாத வாசகி, கொழிஞ்சாம்பாறை*

பதில்: அந்தத் 'தெரிஞ்ச ஒருத்தர்' பேச்சை இன்றோடு விடுங்கள். கண்ணால் பார்க்காமல் சுரண்டியதில் வந்த புண்ணுக்கு, மறுபடி பார்க்காமல் சுரண்டுவது மருந்தாகாது.

உங்கள் பக்கம் நெல் அறுத்த வயலில் தூரிலிருந்து மறுதாம்பு துளிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வும் அப்படித்தான். மேலடுக்கு மாதாமாதம் உதிரும், அடியடுக்கிலிருந்து மறுபடி வளரும். சுரண்டும் கருவி தூர்வரை போய்விட்டால் அங்கே துளிர் வராது. எதிரெதிர்ச் சுவர்கள் தழும்பாகி ஒட்டிக்கொள்ளும். 1948இல் ஜோசப் ஆஷர்மன் இதை விரிவாக எழுதியதால் ஆஷர்மன் சிண்ட்ரோம் என்கிறார்கள். ஹைன்ரிஷ் ஃப்ரிட்ச் 1894லேயே எழுதியிருந்தார், பெயர் மட்டும் அவருக்குப் போகவில்லை.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். ஆனால் வலி இருந்து ரத்தம் வராவிட்டால், அது ஒட்டலுக்குப் பின்னால் தேங்குகிறதோ என்று பார்த்தே ஆகவேண்டும். நம் ஊர்களில் கர்ப்பப்பைக் காசநோயாலும் இப்படி ஒட்டும். அதற்கும் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

வயிற்றைக் கிழிக்கமாட்டார்கள். ஹிஸ்டிரோஸ்கோப்பி என்பது சில மில்லிமீட்டர் தடிமனில் கேமரா வைத்த குழாய். மயக்கம் கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக உள்ளே விட்டு, திரவத்தால் கர்ப்பப்பையை விரித்து, திரையில் பார்த்தபடியே பொடிக் கத்தரியால் ஒட்டலை வெட்டுவார்கள். மாதவிலக்கு முடிந்த கையோடு செய்வது வழக்கம். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ஒட்டல் கெட்டியாக இருந்தால் கர்ப்பப்பையில் துளை விழும் அபாயம் உண்டு. அதனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். "இந்த ஒட்டலை நீங்கள் அடிக்கடி எடுக்கிறீர்களா, கூடவே ஸ்கேன் வைத்துப் பார்ப்பீர்களா?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். கோவையும் உங்களுக்கு எட்டும் தூரம்தான். ஆனால் தமிழக முதல்வர் காப்பீடு தமிழக ரேஷன் அட்டைக்காரர்களுக்குத்தான். பிறந்த வீட்டு அட்டையை நம்பிப் புறப்படாதீர்கள்.

வெட்டுவதோடு வேலை முடிவதில்லை, திரும்ப ஒட்டும் குணம் இதற்கு உண்டு. அதனால் உள்ளே சில நாள் பலூன் வைப்பார்கள், அல்லது ஜெல் விடுவார்கள். சவ்வு வளர ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தருவதும் உண்டு. சில வாரங்களில் மறுபடி கேமராவில் பார்ப்பார்கள். பலர் தவறவிடுவது இந்த இரண்டாவது சோதனையைத்தான். திரும்ப ஒட்டாமல் தடுக்கக் காப்பர் டி வைக்கலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். செம்பு புண்ணைக் கிளறும்.

லேசான ஒட்டல் என்றால் மாதவிலக்கு திரும்பவும் குழந்தை தங்கவும் நல்ல வாய்ப்பு. கர்ப்பப்பை முழுக்க ஒட்டியிருந்தால் ஒரு தடவையில் தீராமலும் போகலாம், அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கர்ப்பமானதும் டாக்டரிடம் இந்தக் கதை முழுக்கச் சொல்லுங்கள். நச்சுக்கொடி ஆழமாக ஒட்டிக்கொள்ள வாய்ப்பிருப்பதால், ரத்த வங்கி உள்ள ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். இப்போதைக்கு, பழைய டி அண்ட் சி டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள். புது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.